முறுக்குக் கொம்பு மானும் நம்ம உப்புக்கண்டமும்

போலோக்வானே,
தென்னாப்பிரிக்கா.

அன்புள்ள அம்மாயிக்கு,

பேரன் எழுதுவது. திருச்செங்கோட்டில் மழை உண்டா? இங்கே ஜூலை என்றால் குளிர்காலம். காற்றில் துளி ஈரம் கிடையாது, உதடு வெடிக்கிறது. இதுதான் சமயம் என்று வீட்டுக்கு வீடு கறி காயப்போடுகிறார்கள்.

போர்வெல் போட நம்ம ஊர் ரிக் வண்டிக்காரன் கை வைத்தால் தண்ணீர் வரும் என்று நம்பும் பண்ணையார் ஒருவர் இருக்கிறார். ஆடு மாடு இல்லை, மான் பண்ணை! நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும். இங்கே 1991இல் ஒரு சட்டம் வந்தது. முறையாக வேலி போட்டிருந்தால் உள்ளே நிற்கும் மான் பண்ணையாருக்கே சொந்தம். குளிர்காலத்தில் காசு கட்டி வேட்டையாட ஆட்கள் வருகிறார்கள். குடு என்று ஒரு மான், முறுக்குக் கொம்பு. கிடா 250 கிலோ வரை நிற்கும். அத்தனையையும் ஒரே நாளில் யார் தின்பது? அதனால்தான் காயவைத்து ‘பில்டாங்’ ஆக்குகிறார்கள்.

ஸ்பிரிங்பாக் என்று இன்னொரு மான். இவர்களின் தேசிய விலங்கு, ரக்பி அணிக்கும் அதன் பெயர்தான். டிவியில் அணிக்குக் கைதட்டிக்கொண்டே வாயில் அதையே மெல்லுகிறார்கள். நாம் மயிலை அப்படி நினைத்தாலே முருகன் கோயில் பக்கம் தலைகாட்ட முடியுமா?

பண்ணையார் எனக்கும் ஒரு தொடையைக் கொடுத்துப் பக்குவமும் சொன்னார். நார் ஓடுகிற வாக்கில், விரல் கனத்துக்கு நீள நீளமாக அரிய வேண்டும். வினிகரில் புரட்டி, கிலோவுக்கு 25 கிராம் வீதம் கல் உப்பு, மிளகு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை எல்லாம் தடவி, ராத்திரி ஊறவிட வேண்டும். மறுநாள் கொக்கியில் மாட்டி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட வேண்டும். 1830களில் மாட்டு வண்டி கட்டி உள்நாட்டுக்குப் போன தன் பாட்டன்மார் இதைத் தின்றுதான் பிழைத்தார்களாம். கொத்தமல்லியை எப்படி வறுப்பது என்று எனக்குப் பாடம் எடுத்தார், அம்மாயி! எனக்கு! கூலி கொடுப்பவர், கைகட்டிக் கேட்டேன்.

“வெயிலில் போட வேண்டாமா?” என்றதும் பதறிவிட்டார். பெரிய துண்டு வெயிலில் மேலே விறைத்துக்கொள்ளுமாம், உள்ளே ஈரம் நின்று கெட்டுவிடுமாம். நியாயம்தான். நீங்க உப்புக்கண்டத்துக்கு ஆட்டுக்கறியைச் சின்னத் துண்டாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, கயிற்றில் கோர்த்து, காக்காய்க்குக் கம்போடு காவல் இருப்பதைச் சொன்னேன். “மஞ்சளா?” என்று முகத்தைச் சுளித்தார். அப்புறம் எண்ணெயில் பொரிப்போம் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார். இவர்கள் பொரிப்பதே இல்லை. எடை பாதியாக வற்றியதும் குறுக்கே மெல்லிசாகச் சீவி, அப்படியே வாயில் போடுகிறார்கள். வெளியே கருப்பு, உள்ளே சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். முதலில் புளிப்பு, பிறகு மல்லி வாசம், மெல்ல மெல்லக் கறி. குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் ரசஞ்சோறு இல்லாமல் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

இங்கே மழை அக்டோபர் முதல் மார்ச் வரை. அப்போது மரப்பெட்டிக்குள் கறியைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு குண்டு பல்பும் சின்ன மின்விசிறியும் ஓட விடுகிறார்கள். கரண்ட் போனால் கறியில் பூசணம். “ஐப்பசி அடைமழையில் உங்க பாட்டி என்ன செய்வார்?” என்று கேட்டார். விறகடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுவார், கரண்டே வேண்டாம் என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்!

இப்போது ஆளைப் பார்க்கும்போதெல்லாம் கேள்விதான். அடுப்புக்கும் கறிக்கும் எத்தனை முழம் இடைவெளி? எந்த விறகு? வேப்ப விறகுப் புகை கசக்குமா? எனக்குத் தின்னத்தான் தெரியும். நீங்க சொல்லச் சொல்ல, மாமாவை எழுதி அனுப்பச் சொல்லுங்க. பதில் வந்தால்தான் அடுத்த போர்வெல்லுக்கு முன்பணமாம்.

அன்புப் பேரன்