மாமாவின் மதுக்கிடங்கு

எங்கள் அரும்பாவூரில் புதிய வஸ்து எதற்கும் எடுத்த எடுப்பில் மரியாதை கிடைத்துவிடுவதில்லை. பச்சைமலையின் அடிவாரத்தில், உளியையும் கொட்டாப்புளியையும் நம்பிப் பிழைக்கிற ஊர் அது. வாகையிலும் மாவிலும் வேம்பிலும் தெய்வங்களையும் வாகனங்களையும் செதுக்கி, 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டபடியால் கொஞ்சம் கர்வமும் உடையது. நேற்று அறுத்த மரத்தை இன்று உளியால் தொடுகிறவனை அங்கே யாரும் தொழில் தெரிந்தவர்களின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈரமெல்லாம் வற்றி, சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கி, வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்து, 'இனி உன் சித்தம்' என்று சரணாகதி அடைந்த பிறகுதான் ஒரு மரம் பிள்ளையாராவதற்கோ யாளியாவதற்கோ யோக்கியதை பெறுகிறது. அரிசியென்றால் பழைய அரிசி; புளியென்றால் பானையில் உப்புப் போட்டு அடைத்துக் கறுத்துப்போன பழம்புளி. புதிதாக வந்த மருமகளின் அபிப்பிராயத்தைக்கூட ஒரு பிள்ளை பிறக்கும்வரையில் யாரும் கேட்பதில்லை என்பது அந்த ஊர்ப் பெண்களின் நெடுநாளைய குறை.

இப்படிப்பட்ட ஊரில், மரச்சிற்பமே தொழிலாகக் கொண்ட என் தாய்மாமாவின் வீட்டுக்கு, அவருடைய மணிவிழா முடிந்த கையோடு, ஒரு பெட்டி சிவப்புத் திராட்சை மது வந்து சேர்ந்தது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிற அவருடைய மகன், வருகிற வழியில் திருச்சியில் வாங்கி வந்தது. நாசிக் பிரதேசத்துத் திராட்சையிலிருந்து பிறந்தது, விலையிலே சாதுவானது, தக்கை கிடையாது, திருகு மூடிதான். பிள்ளை அதைச் சாப்பாட்டோடு அளவாக அருந்த வேண்டிய முறையை விஸ்தாரமாக எடுத்துரைத்துக்கொண்டிருக்கையில், மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எத்தனை வருஷத்துச் சரக்குப்பா இது?"

"போன வருஷத்துதுப்பா."

மாமாவின் முகம் வாடிவிட்டது. பெற்ற பிள்ளையே தம்மிடம் பச்சை மரத்தைக் கொண்டுவந்து தள்ளிவிட்டான் என்கிற துயரம் அதிலே தெரிந்தது. என்றாலும், எந்த மரத்தையும் பக்குவப்படுத்தத் தெரிந்தவர் என்ற பெயர் வாங்கியவராதலால், "பரவாயில்லை, கிடக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அந்தப் பெட்டியைத் தம் சம்ரட்சணையில் எடுத்துக்கொண்டார்.

ஆரம்ப நிலை தெரியாமல் முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்று நியாயம் பேசி, அன்றிரவே ஒரு புட்டியைத் திறந்தோம். ஊதா கலந்த சிவப்பு; பழத்தின் வாசனை; நாக்கின் இரு ஓரங்களையும் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. அந்த நிறத்துக்குக் காரணம் திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்னும் சாயம். துவர்ப்புக்குக் காரணம் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின். காலம் செல்லச் செல்ல இவையிரண்டும் ஒன்றோடொன்று கைகோத்து, பெரிய பெரிய மூலக்கூறுகளாகத் திரண்டு, பாரம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிந்துவிடுகின்றன. ஆகவே பழைய சிவப்பு மதுவில் துவர்ப்புத் தணிகிறது, ஊதா மறைந்து செங்கல் நிறமும் பிறகு பழுப்பும் ஏறுகின்றன, பழ வாசனை உலர்ந்த பழ வாசனையாகி, மண், தோல், புகையிலை என்றெல்லாம் ரசிகர்கள் வர்ணிக்கிற மணங்கள் தலைகாட்டுகின்றன. டானினும் புளிப்பும் நிறையச் சேமித்து வைத்துக்கொண்டு பிறக்கிற பிரான்ஸ் தேசத்துப் போர்தோ மது போன்ற சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது யோகம். விலை குறைந்த மதுவையோ, செய்கிறவர்களே தோலோடு அதிக நாள் ஊறவிடாமல், டானினை அளவாக இறக்கி, வாங்கியவன் சீக்கிரம் குடித்துவிடட்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். உலகத்து மதுவில் மிகப் பெரும்பகுதி இந்த ஜாதிதான். இதை நான் மாமாவிடம் சொன்னேன். "நல்லா செஞ்சதுன்னா கெடாது மாப்பிள்ளை" என்பதோடு அவர் விவாதத்தை முடித்துவிட்டார்.

அத்தையின் எதிர்ப்பு வேறு வகையைச் சேர்ந்தது. அவள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதாவது 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் அமலுக்குக் கொண்டுவந்த பழைய சேலம் மாவட்டத்துப் பெண். தெய்வத்தைச் செதுக்குகிற வீட்டில் இந்தக் கர்மத்தை வைக்கலாகாது என்று ஒரே பிடிவாதமாக நின்றாள். ஆனால் அவளும் இரவு சாப்பாட்டுக்குப் பின், அஜீரணத்துக்காக என்று சொல்லி, திராக்ஷாரிஷ்டத்தைத் தண்ணீர் கலந்து நித்திய அனுஷ்டானமாக அருந்தி வருகிறவள்தான். உலர்ந்த திராட்சையின் கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் சேர்த்து, ஏலம், பட்டை, மிளகு, திப்பிலி முதலானவற்றையும் போட்டு மூடி வைத்தால், அது தானே நொதித்துச் சாராயச் சத்தைத் தன்னுள் உற்பத்தி செய்துகொள்கிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை. மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அரிஷ்டப் புட்டியின் சீட்டில் பொடி எழுத்தில் இருந்த இந்த விவரத்தை உரக்க வாசித்துக் காட்டினார். அத்தை அசரவில்லை. "அது தானா உண்டானது. இது உண்டாக்கினது" என்றாள். சட்டசபையிலே இருக்க வேண்டிய மூளை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமாவின் கட்சிக்குச் சாஸ்திர ஆதாரம் அத்தையின் புட்டியிலேயே இருந்தது. சூரணம் இரண்டு மாதத்தில் வீரியம் குறைந்துபோகும், அரிஷ்டத்தைப்போல நொதிக்கவைத்த ஆசவங்களோ பழையதாக ஆக ஆகக் குணம் மிகும் என்பது சார்ங்கதர சம்ஹிதையின் அபிப்பிராயம். ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் மூலமாக இது மாமாவின் காதில் விழுந்த நாள்முதல் அவரைப் பிடிக்க முடியவில்லை. மது ஒருபுறம் தன்பாட்டில் முதிர்ந்துகொண்டிருக்க, அவர் மறுபுறம் அதைப்பற்றிய பிரசங்கத்தை ஊரெங்கும் முதிரவைத்துக்கொண்டிருந்தார்.

ஆயினும், வைக்கிற இடத்துக்கு வழி தெரியவில்லை. மேல்நாட்டார் பூமிக்கடியில் கிடங்கு தோண்டி, 12 அல்லது 13 டிகிரிக் குளிர்ச்சியில், வெளிச்சம் படாமல் படுக்க வைக்கிறார்கள். படுக்க வைப்பது தக்கை காய்ந்து காற்றுப் புகாமல் இருப்பதற்காக; திருகு மூடிக்கு அந்த அவசியமே இல்லை. ஆனால் அந்தத் தகவல் மாமாவை எட்டுவதற்குள் பட்டறையில் ஒரு மயில் வாகனத்தின் காலடியில், மரத்தூள் மெத்தை விரித்து, புட்டிகளுக்குச் சயன திருக்கோலம் ஆகிவிட்டிருந்தது. அத்தையின் கண்டனத்தினால் அங்கிருந்து எழுந்தருளிச் சில புட்டிகள் வெங்காயப் பட்டறைக்குப் போயின. எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைக் கழிகள் நட்டு, காற்றோட்டமாக மேல்கூரை வேய்ந்து, மாதக்கணக்கில் சேமித்து வைப்பார்கள். அதற்கும் பட்டறை என்றுதான் பெயர். வெங்காயத்துக்குக் காற்று வேண்டும், மதுவுக்கு ஆகாது என்கிற சிறு வித்தியாசத்தை மாமா பொருட்படுத்தவில்லை. ஒன்று பீரோவுக்குள் பட்டுவேட்டிக்கு நடுவே அடைக்கலம் புகுந்தது.

சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் 40 டிகிரியை அநாயாசமாக எட்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ரசாயன மாறுதலின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அந்தக் கணக்கில் பார்த்தால், பிரான்ஸ் தேசத்துக் கிடங்கில் நாலைந்து வருஷத்தில் நடக்கிற காரியம் அரும்பாவூர் பீரோவில் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். முடிகிறது சரி, அதே விதமாக முடிவதில்லை. நிதானமாகப் பிறக்கவேண்டிய மணங்கள் பிறப்பதற்கு முன்பே பழமெல்லாம் வெந்துபோய்விடுகிறது. பீரோப் புட்டியை அடுத்த வருஷம் திறந்தபோது வெந்த பழத்தின் வாடையும் பாச்சையுருண்டையின் வாடையும் சமபாகமாக வீசின. மாமாவின் மனம் நோகாதிருக்க வேண்டுமே என்று நான் மதீராத் தீவின் சரித்திரத்தை எடுத்துவிட்டேன். போர்த்துகீசியருக்குச் சொந்தமான அந்தத் தீவிலிருந்து கப்பலேறிய மது, பூமத்திய ரேகையைக் கடந்து, இந்தியா வரைக்கும் வெயிலில் வெந்து திரும்பியபோது முன்னைவிட ருசித்ததாம். அதற்குத் தனிப் பெயரும் உயர்ந்த விலையும் ஏற்பட்டன. பிற்காலத்தில் கப்பல் செலவை மிச்சம் பிடிப்பதற்காக 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் மூன்று மாதம் வைத்து அதே பலனை ஊரிலேயே உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த மதுவில் பிராந்தி கலந்திருக்கும், அதனால்தான் தாங்கும் என்று நான் சொல்லவந்த பாதியை மாமா கேட்டுக்கொள்ளவில்லை. "வெள்ளைக்காரனே பக்குவத்துக்கு நம்ம நாட்டுக்குத்தானே அனுப்பியிருக்கான்!" என்று தொடையைத் தட்டினார்.

இந்தக் கட்டத்தில்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வெறும் ஆலோசகராகப் பிரவேசித்தார். பாரியின் பறம்பு நாட்டில் மதுவை நிலத்திலே புதைத்து முதிரவைத்த செய்தியைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார், மலைபடுகடாத்திலோ மூங்கிற் குழாயில் விளைந்த தேறல் பேசப்படுகிறது, அரிக்கமேட்டில் 1945இல் வீலர் துரை தோண்டியபோது யவனர்களின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன, ஆதலால் இந்தக் கலையை நமக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று அவர் ஆதாரங்களை அடுக்கியபோது மாமாவின் உடம்பு புல்லரித்துப்போயிற்று. கொல்லையில் வேப்பமரத்தடியில் இடுப்பளவு குழி தோண்டி, மிச்சமிருந்தவை மணலோடு அடக்கம் செய்யப்பட்டன. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பெட்டிக்கு நடந்த உபசாரங்களிலெல்லாம் விவேகமானது இதுதான். மண்ணுக்கடியில் ஐரோப்பியக் குளிர்ச்சி இராவிட்டாலும், பகலுக்கும் இரவுக்கும் சூடு ஏறி இறங்குகிற அவஸ்தை இல்லை, வெளிச்சமும் இல்லை. 1860களில் மூன்றாம் நெப்போலியனின் விருப்பத்துக்கிணங்க மதுவின் நோய்களை ஆராய்ந்த லூயி பாஸ்தர், ஒரு கண்ணாடிக் குழாயில் மதுவை நிறைத்தும் இன்னொன்றில் பாதிக்குக் காற்றை விட்டும் அடைத்துப் பார்த்தார். காற்றுப்பட்டது பழுத்து நிறம் மாறி வண்டலிட்டது. காற்றுப்படாதது ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. மதுவை முதிர்விப்பதும் காற்று, கெடுப்பதும் காற்று, அளவிலேதான் வித்தியாசம்.

சில வருஷம் கழித்து ஒரு தை மாதத்தில் புதையல் தோண்டப்பட்டது. செங்கல் நிறம், அடியில் வண்டல், துவர்ப்பு அடங்கிவிட்டது, அதோடு பழமும் அடங்கிவிட்டது. குற்றம் சொல்லும்படி ஒன்றுமில்லை, பாராட்டும்படியும் ஒன்றுமில்லை. மாமா கண்ணை மூடி, வெகுநேரம் வாயில் வைத்திருந்து, "பதம்!" என்றார். தமிழாசிரியர் தம் பங்கை ஒரே மூச்சில் விழுங்கி, அறுசுவையுள் இது எதுவென்று யோசித்துவிட்டு, பண்டத்தைப் பற்றி ஒன்றும் கூறாமல், கபிலரின் நட்பைப் பற்றிப் பேசலானார். வாங்கிய அன்றே திறந்த முதற்புட்டிதான் எல்லாவற்றிலும் ருசியானது என்று எனக்குத் தோன்றியது. மணிவிழாக் கண்ட மனிதரிடம் இளமையின் மேன்மையைப் பிரஸ்தாபிப்பது உசிதமன்று என்று சும்மா இருந்துவிட்டேன்.

இதற்கிடையில், வெங்காயப் பட்டறைப் புட்டிகளில் ஒன்றை மாமா பாதி குடித்துவிட்டு, மீதியும் முதிரட்டும் என்று வாயில் துணிச்சுருளை அடைத்து அங்கேயே வைத்திருந்தார். துணி வழியாகக் காற்றும், காற்றோடு பாஸ்தர் அடையாளம் காட்டிய ஒரு நுண்ணுயிரும் உள்ளே போய்த் தங்கள் கைங்கரியத்தை முடித்திருந்தன. வாயில் விட்ட மாமா துள்ளிக் குதித்தார்; முதல்தரமான காடி! அவர் கொட்டிவிடப் போனதை அத்தை முகர்ந்து பார்த்து, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, உரித்த சின்ன வெங்காயத்தையும் கல்லுப்பையும் கீறிய பச்சைமிளகாயையும் அதிலே போட்டு ஜாடியில் ஊறவைத்தாள். மூன்றாம் நாள் அந்த இளஞ்சிவப்பு வெங்காயத்தைத் தயிர்சாதத்தோடு சாப்பிட்டவர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். தமிழாசிரியர் மறு சாதம் கேட்டு வாங்கிக்கொண்டார். இது உண்டானதா உண்டாக்கினதா என்று நான் கேட்டதற்கு அத்தை பதில் சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு முன் பிள்ளை பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பா, இந்தத் தடவை விலை கூடினாலும் பரவாயில்லை, நல்ல பழைய மதுவாகப் பார்த்து வாங்கி வரட்டுமா?" என்று கேட்டான். மாமா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது:

"அந்த விலை குறைஞ்சதே போதும்னு சொல்லுங்க. பட்டறையில இன்னும் பாதி வெங்காயம் கிடக்குது."