வாளையார் தல புராணம்

1956 நவம்பர் 1-க்கு முன்னால் பாலக்காடு சென்னை ராஜ்ஜியத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் அங்கே போனால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வந்ததாகக் கணக்கு. பிறகு பாலக்காட்டைக் கேரளத்தில் சேர்த்துக் கோடு கிழித்தார்கள். கிழித்த கோட்டை லாரிக்காரர்களைத் தவிர வேறு யாரும் பெரிதாக மதித்ததில்லை. சம்பந்தம், சந்தை, சினிமா எல்லாம் எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டிப் போய் வந்துகொண்டுதான் இருந்தன. 2020-இல் தான் அந்தக் கோட்டுக்கு வாழ்வு வந்தது.

அந்த பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலை டிவியில் பார்த்தோம். 3,711 பேர் ஏறிய கப்பலில் 712 பேருக்குக் கொரோனா தொற்று. "காசைக் கொடுத்துப் போய் மாட்டிக்கிட்டான் பாரு" என்று டீக்கடையில் உச்சுக் கொட்டியவர்களுக்கு, மே மாதம் காலணா செலவில்லாமல் வாளையாரிலேயே ஒரு கப்பல் கிடைத்தது. கேரளத்தின் பாஸ் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள் நடுரோட்டில் நின்றார்கள். பின்னால் போனால் தமிழ்நாடு, முன்னால் போனால் கேரளம். ரெண்டும் வேண்டாம் என்றது. அவர்களுக்கு ஆதரவாகக் காங்கிரஸ் எம்.பி.க்கள் மூன்று பேரும் எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேரும் வந்து குரல் கொடுத்தார்கள். மே 10, ஞாயிற்றுக்கிழமை, கேரள உயர் நீதிமன்றம் விசாரித்து உள்ளே விடச் சொன்னது. கதை சுபம் என்று நினைக்கையில், வரிசையில் நின்ற ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்தது. அடுத்தவரை ஊருக்குள் விடச் சொல்லி வந்த ஐந்து மக்கள் பிரதிநிதிகளையும் பதினான்கு நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் இ-பாஸுக்குக் கல்யாணம், சாவு, அவசர வைத்தியம் என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. எத்தனை பெரியப்பாக்கள் அந்தக் கோடையில் ரெண்டாவது முறை இறந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கல்யாணக்காரர்கள்தான் யோக்கியமாக நடந்துகொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு மாநிலம், பெண் ஒரு மாநிலம் என்று ஆனதும் குமுளியிலும் சின்னாறிலும் சோதனைச்சாவடிப் பக்கம் ரோட்டிலேயே தாலி கட்டி முடித்தார்கள். மண்டப வாடகை மிச்சம். பந்தியில் இடம் பிடிக்கும் சண்டையும் இல்லை.

இடுக்கிப் பக்கம் சங்கதி வேறு. போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, பூப்பாறை, உடும்பஞ்சோலை ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்கிவிடும் பெண்கள் ஆயிரக்கணக்கில். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.டி.ஓ. ஒரு எண் வைத்திருக்கிறார். டிரைவர் வேறு எண் வைத்திருக்கிறார். போடிமெட்டு ஏறும்போது ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் விலாவில். சமூக இடைவெளி மலை உச்சியில், செடிக்கும் செடிக்கும் நடுவில்தான் கிடைக்கும். இவர்களிடம் போய் தொற்று இல்லை என்று சர்டிபிகேட் கேட்டால்? ஆர்டிபிசிஆர் காகிதத்துக்கு ஆயுசு 72 மணி நேரம். திங்களன்று மூக்கில் குச்சி விட்டால் முடிவு வரவே ஒரு நாள் போகும். வியாழக்கிழமை மறுபடி மூக்கை நீட்ட வேண்டும். 2021 ஏப்ரல் கடைசியில் கேரளம் தனியார் லேப் கட்டணத்தை 1,700-லிருந்து 500 ரூபாய்க்கு இறக்கியது. இறக்கிய பிறகும் ஒரு நாள் கூலி மூக்கோடு போயிற்று. காட்டுப்பாதையில் ஏறியவர்களை யானை மறித்ததுண்டு. அது காகிதம் கேட்கவில்லை.

2021 மே 4-இல் ஐ.சி.எம்.ஆர். ஒரு அறிவுரை விட்டது. ஒருமுறை பாசிட்டிவ் ஆனவருக்குத் திரும்ப ஆர்டிபிசிஆர் எடுக்காதீர்கள், மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஆரோக்கியமானவர்களுக்கும் அது வேண்டாம், லேப்கள் திணறுகின்றன என்றது. காய்ச்சல் போய் வாரக்கணக்கான பிறகும் செத்த கிருமியின் துணுக்குகள் மூக்கில் கிடந்து பாசிட்டிவ் காட்டும். டெல்லியில் சொன்னது வாளையார் வந்து சேர பாஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்கு 72 மணி நேர நெகட்டிவ் அல்லது ரெண்டு டோஸ் சர்டிபிகேட் கட்டாயம் என்றது தமிழ்நாடு.

"ஏனுங்க, போன மாசம்தான் எனக்கு வந்துட்டுப் போச்சு. ஆஸ்பத்திரி சீட்டு இருக்குதுங்க."

"வந்து போனது சரிங்க ஐயா. இல்லைங்கறதுக்குச் சீட்டு இருக்குதுங்களா?"

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள க.க.சாவடிப் பக்கம் இந்த ரகப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே வாரம் கேரளம் இன்னொரு உத்தரவு போட்டது. கடைக்குப் போக வேண்டுமா? ஒரு டோஸ் போட்டு ரெண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், இல்லை 72 மணி நேர நெகட்டிவ் வேண்டும், அதுவும் இல்லையென்றால் தொற்று வந்து ஒரு மாசம் கழிந்திருக்க வேண்டும். ஆக, நோய் வந்து எழுந்தவருக்கு பாலக்காட்டில் அரிசி பருப்பு வாங்கத் தகுதி உண்டு. வாளையாரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் அதே ஆள் சந்தேகக் கேஸ். ஊசி கிடைக்காமல், காய்ச்சலும் வராமல் ஒழுங்காக வீட்டில் இருந்தவர்தான் ரெண்டு பக்கமும் குற்றவாளி.

அரிசிக்கு இத்தனை கெடுபிடி என்றால் பெவ்கோ மதுக்கடை கியூவுக்கு ஏன் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. ஆகஸ்ட் 11 முதல் அங்கேயும் சர்டிபிகேட். எல்லையோர வேலந்தாவளத்துக் குடிமகனுக்கு இது பேரிடி. அந்தப் பக்கம் பாட்டிலுக்குக் காகிதம். இந்தப் பக்கம் டாஸ்மாக்கில் எதுவும் கேட்க மாட்டார்கள், ஆனால் டாஸ்மாக்குக்கு வந்து சேரக் காகிதம். கேரளத்தில் தடுப்பூசி முகாம்களில் ஆம்பளைக் கூட்டம் எந்த வாரத்திலிருந்து கூடியது என்று யாராவது எடுத்துப் பார்க்கலாம்.