மடியார்

திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூந்தமல்லி. அதனாலோ என்னவோ, எங்கள் பக்கம் அடியார்களுக்கு என்றைக்கும் குறைவில்லை. இப்போது மடியார்களும் சேர்ந்திருக்கிறார்கள். காரின் முன்சீட்டில் பேரக்குழந்தையை மடியில் கிடத்தி, ஏ.சி. காற்று படாமல் அதன் தலைக்கு ஒரு கர்ச்சீப்பையும் போர்த்தி, ஆவடிக்கும் அம்பத்தூர் ஓ.டி.க்கும் இடையே பவனி வருபவர்கள் இவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்குப் போனால் கூட்டமாகவே தரிசிக்கலாம். கருமாரியம்மன் சந்நிதியில் வண்டிக்குப் பூஜை முடிந்திருக்கும். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டாஷ்போர்டுப் பிள்ளையார் டபுள் டேப்பில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். தேங்காய் மூடிகூட உருளாதபடி பையில் முடிந்து சீட்டுக்கடியில் செருகப்பட்டிருக்கும். ஒரு பிடிப்பும் இல்லாமல் வருவது அந்த வண்டியில் ஒரே உருப்படி, மூன்று மாதப் பேரன்.

எங்கள் திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் இருக்கும் மடியார் சாதாரணப்பட்டவர் அல்ல. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஃபேக்டரி தொடங்கியது 1961-ல். முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது 1965-ல். இரண்டையும் தன் வீட்டு விசேஷம்போலத்தான் சொல்வார். "டேங்குக்கே நட்டு முறுக்கின கை சார் இது. ஒரு கொழந்தையப் புடிக்கத் தெரியாதா?"

மகள் பெங்களூரிலிருந்து பிரசவத்துக்கு வந்தபோது பெட்டியோடு குழந்தை சீட்டு ஒன்றும் வந்து இறங்கியது. பின்சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி பொருத்த வேண்டும் என்றாள்.

"ரோட்டப் பாக்காம, பின்னாடி வர்ற தண்ணி லாரியவா பாத்துட்டு வருவான் எம் பேரன்?"

"திடீர்னு பிரேக் போட்டா தல முன்னாடி எகிறும்பா. கழுத்து நிக்காத கொழந்த. இப்படி வெச்சா முதுகு, தல எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கும்."

மகள் சட்டம் பேசிப் பார்த்தாள். 2019 திருத்தத்தில் 194பி பிரிவு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய். "கைக்கொழந்த கன்னத்தக் கிள்ளிட்டுப் போவாரே தவிர, எந்த போலீஸ்காரர் ஃபைன் போடுவாரு?" என்றார் மடியார். இதில் அவர் சொன்னது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்தது கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 7 கிலோ குழந்தை ஏறக்குறைய 100 கிலோ பாரமாகக் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். 25 கிலோ அரிசிச் சிப்பம் நாலு. வெளிவட்டச் சாலையில் யார் 50-ல் போகிறார்கள் என்பது வேறு விஷயம். மடியார் தன் புஜத்தைத் தடவிக்கொண்டார். "முன்னாடிதான் ஏர்பேக் இருக்கே, மெத்துனு?"

"அது தலகாணி இல்லப்பா, வெடி. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வெடிக்கும். நடுவுல மாட்டறது உங்க பேரன்."

முன்சீட்டில் பெல்ட் போடாததற்கு வண்டி கீங் கீங்கென்று கத்தும் அல்லவா? அதற்கும் மடியாரிடம் மருந்து இருந்தது. கொக்கியில் செருகி வண்டியை ஏமாற்றும் குட்டிக் கிளிப். அதை விற்கக் கூடாதென்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகளுக்கு உத்தரவே போட்டது. மடியார் அதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்ட தீர்க்கதரிசி.

அவரைக் கவிழ்த்தது சட்டமுமில்லை, கணக்குமில்லை. ஒருநாள் மாப்பிள்ளை வந்து அந்த சீட்டைப் பொருத்திவிட்டு டீ குடிக்கப் போனார். மடியார் சும்மா ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். சீட்டு இடமும் வலமும் நடனமாடியது.

"என்ன மாப்ள, இவ்ளோ ப்ளே இருக்கு!"

ஃபிட்டருக்கு உலகத்தில் பொறுக்காத ஒரே சங்கதி ப்ளே. அடுத்த அரைமணி நேரம் அந்தப் பக்கம் யாரும் போக முடியவில்லை. முழங்காலைச் சீட்டில் ஊன்றி, பெல்ட்டை மூச்சுப் பிடித்து இழுத்தார். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்று சீட்டோடு வந்த புத்தகத்தில் இருந்தது. இவர் அரை அங்குலம்கூட விடவில்லை. குழந்தையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சு முட்டும், சரிவு முக்கியம் என்று படித்ததும் ரசமட்டத்தைக் கொண்டுவந்தார். தோள்வார் தோளுக்குச் சரியாகவோ ஒரு விரல் கீழேயோ வர வேண்டும். வாரை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு சிக்கக் கூடாது.

இப்போது எங்கள் பார்க்கிங்கில் நிம்மதி போயிற்று. யார் வண்டிக் கதவு திறந்திருந்தாலும் மடியார் உள்ளே தலையை நீட்டி ஆட்டிப் பார்க்கிறார். பி பிளாக்கில் ஒருவர் அதே இடத்தில் தண்ணீர் கேன் வைத்திருந்தார். அதையும் ஆட்டினார்.

போன வாரம் தடுப்பூசிக்குக் கிளம்பினார்கள். பேரன் பின்சீட்டில் ராஜாபோல, பக்கத்தில் தாத்தா. வண்டி நகர்ந்ததும் கீங் கீங். மடியார் பதறிப்போய் வாரைக் கிள்ளினார்; மடிப்பில்லை. சீட்டை ஆட்டினார், அசையவில்லை.

"கொழந்தைக்கு இல்லப்பா. உங்க பெல்ட்டு."

"அவ்ளோதானா?" என்று நிம்மதியாகச் சாய்ந்த மடியார், சட்டைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்தார்.