எப்போ எடுக்கிறேள்?

திருச்சிப் பக்கம் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலிலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அதை "எப்போ எடுக்கிறேள்?" என்பார்கள். முன்பெல்லாம் அந்தக் கேள்வியைத் தெருதான் கேட்டது, பதிலையும் தெருவே சொன்னது. இப்போது அதே கேள்வி, அப்பா போய் ஒரு மணி நேரம்கூட ஆகாத மகளின் கைபேசிக்கு வருகிறது. அதன் பின்னால் வேறு பல கேள்விகளும் வரிசையாக வருகின்றன.

தாத்தா 1974 ஐப்பசியில் ஓர் அந்திவேளையில், உத்தர வீதி வீட்டுக் கூடத்தில் கண்ணை மூடினார். நான் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. எதிர்வீட்டு மாமா சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குக் கிளம்பினார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. மூலைவீட்டுக்காரர் வாத்தியாரை அழைத்துவரப் போனார். பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் எங்கே கிடைக்கும், பாடை கட்டத் தெரிந்தவர் யார், வரட்டிக்கும் விறகுக்கும் யாரிடம் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் தெருவுக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டு மாமி எங்களையெல்லாம் அழைத்துப்போய் ரசம் சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போட்டார். அப்பா, தாத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "நீ ஒக்காருடா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னதோடு சரி, அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அழுவதற்கு அவருக்கு ஓர் இரவு முழுக்கக் கிடைத்தது. அதைவிடப் பெரிய உதவியை அந்தத் தெரு அவருக்குச் செய்திருக்க முடியாது என்று இன்று நினைக்கிறேன்.

மெட்ராஸ் சித்தப்பா தந்தி கிடைத்ததும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்து விடியற்காலையில் வந்து சேர்ந்தார். டெல்லிச் சித்தப்பாவுக்கு முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, பத்தாம் நாளுக்குத்தான் வர முடிந்தது. உடல் காத்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். வீதியில் பெருமாள் புறப்பாடு இருக்கும் நாளென்றால் அதற்குள் எடுத்துவிட வேண்டுமே என்ற அவசரமும் சேரும். அப்படிப் பிந்தி வந்த டெல்லிச் சித்தப்பா, காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தபோது அப்பா அவருக்கு வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் கதையைச் சொன்னார். ஆளவந்தாரைச் சேவிப்பதற்காகப் பெரிய நம்பியோடு காஞ்சியிலிருந்து வந்த இராமானுசர், இதே ஊர் ஆற்றங்கரையில் அவருடைய சரமத் திருமேனியைத்தான் காண முடிந்தது என்கிறது குருபரம்பரை. மடங்கியிருந்த மூன்று விரல்களைப் பார்த்து இராமானுசர் மூன்று சபதங்கள் எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் நிமிர்ந்தது. பிந்தி வந்தவருக்கும் செய்ய வேலை மிச்சமிருக்கும் என்று அப்பா சொன்னதும்தான் சித்தப்பா எழுந்து போய் முழுக்குப் போட்டார்.

ஸ்ரீரங்கம் பூவால் பிழைக்கிற ஊர். நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய தொண்டரடிப்பொடியாழ்வாரின் ஊர். சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கு எட்டரை, கோப்பு போன்ற கிராமங்களிலிருந்து விடிவதற்குள் மல்லியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் தாத்தா போனது ஒரு துளசி மாலையோடும் ஒரு சம்பங்கி மாலையோடும்தான். கோயில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பங்களுக்குப் பெருமாள் சாற்றிக் களைந்த மாலையும் பரிவட்டமும் வரும். மற்றவர்களுக்குத் துளசி. அதைக் குறையாக யாரும் எண்ணியதில்லை. முன்னால் இராமானுச நூற்றந்தாதி சேவித்துக்கொண்டு போனார்கள், பின்னால் நாலு பேர் தோளில் தாத்தா கொள்ளிடக் கரைக்குப் போனார். நானும் அம்மாவும் பாட்டியும் வாசலோடு நின்றுவிட்டோம்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். பாடையைச் சொந்தக்காரர்கள் சுமந்தார்கள், ஆனால் விறகை அடுக்கியவரும், இரவெல்லாம் சிதையைக் காத்து, விலகிய கட்டையைத் தள்ளிவிட்டவரும் எங்கள் திண்ணையில் ஏற முடியாதவர்கள். அவர்களுடைய கூலியைக் கையில் கொடுக்கவில்லை, தரையில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பதை அப்பாவே பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். தெரு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் தெருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் உழைப்பும் அதில் இருந்தது. அவர்கள் பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாட்டிக்கு நடந்ததும் அந்தக் காலத்தின் கணக்கில்தான் சேர வேண்டும். பத்தாம் நாளுக்கு முன்தினம் உறவுப் பெண்கள் முழம் முழமாக மல்லியும் கதம்பமும் கொண்டுவந்தார்கள். பாட்டியின் தலை கொள்ளாமல் வைத்தார்கள், புதுப் புடவையைப் போர்த்தினார்கள். மறுநாள் விடியுமுன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். திருமாங்கல்யத்தைக் களைந்தபோது குழந்தைகள் பார்க்கக்கூடாதென்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். கேட்கக்கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. பாட்டி அழுத சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். அதன் பிறகு பதினேழு ஆண்டுகள் இருந்தாள், வாசலில் பூக்காரி வரும் நேரத்தில் உள்ளே போய்விடுவாள்.

அப்பா 2019 ஆவணியில் போனார், வீட்டில்தான். கொல்லைப்புறம் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் பெங்களூரில், பக்கத்து வீடு பூட்டிக்கிடந்தது. தெருவுக்கு மனப்பாடமாக இருந்ததெல்லாம் தெருவை விட்டுப் போயிருந்தது. முதலில் வந்து இறங்கியது கண்ணாடிக் குளிர்பெட்டி. அண்ணா நியூ ஜெர்சியில் இருந்தான், மூத்த பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன். சிங்கப்பூரிலிருந்த அத்தை பையன் மறுநாள் காலையிலேயே திருச்சியில் இறங்கிவிட்டான். அண்ணா வந்து சேர இரண்டு இரவுகள் ஆயின. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் காத்திருக்க முடியாது, அதனால் யாரும் காத்திருக்கவில்லை. இப்போது முடிகிறது என்பதாலேயே காத்திருந்தாக வேண்டியிருக்கிறது. கூடத்தில் அந்த மோட்டார் உறுமிக்கொண்டிருக்க, மின்சாரம் போய்விடக்கூடாதே என்ற கவலையில் அம்மா அந்த இரண்டு இரவும் கண்ணயரவில்லை.

எல்லாவற்றையும் ஒருவரே பொறுப்பேற்றுச் செய்து தருகிற ஏற்பாடு இப்போது ஊரில் வந்துவிட்டது. தெரிந்தவர் கொடுத்த எண்ணில் பேசினேன். மரியாதையான குரல்தான். "ரதமா, சாதா வண்டியாம்மா? வண்டிக்கு ஃபுல் பூவா, முன்பக்கம் மட்டும் போதுமா? ரோஸா, மிக்ஸா? வழியில இறைக்க உதிரிப் பூ எத்தனை கிலோ? வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு வீடியோ வேணுமா?" கேட்கக் கேட்க எனக்குக் கை நடுங்கியது. அவர் மேல் குற்றமில்லை, அவர் வேலை அது. ஆனால் எது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றபோது மொத்தத் தொகை ஒன்றுதான் வந்தது. அந்த நேரத்தில் யாரால் பேரம் பேச முடியும்? குறைத்துக் கேட்டால் அப்பாவுக்குக் குறை வைத்ததாகத் தோன்றும்.

அமெரிக்காவில் இந்தச் சங்கடத்தை நமக்கு முன்பே பட்டிருக்கிறார்கள். அங்கே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களைப் பதப்படுத்தி ரயிலில் ஊருக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் பரவி, பிறகு சாவே வீட்டைவிட்டு அதற்கென்று நடத்தப்படும் நிலையங்களுக்குப் போய்விட்டது. அவற்றின் விலைகளையும் விற்பனைத் தந்திரங்களையும் ஜெசிகா மிட்ஃபோர்ட் 1963ல் ஒரு புத்தகமாக எழுதி நாட்டையே உலுக்கினார். 1984 முதல், தொலைபேசியில் கேட்டால்கூட ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. நம் ஊரிலும் அது வேண்டும். நேரில் போனால் எழுதிய விலைப்பட்டியலைக் கையில் தர வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுசேர்க்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் நடக்கும் இலவச அமரர் ஊர்தியை 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். இதுகூடத் தெரியாமல் கடன் வாங்கி வண்டி பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்பாவின் வண்டியில் இருந்த பூ, தாத்தா காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போதும். அதில் அப்பா வாழ்நாளில் தொட்டறியாத வெளியூர்ப் பூக்களும் இருந்தன. உதிரிப் பூ வேண்டவே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சாலையில் கிடந்த சாவு மாலையில் வழுக்கி விழுந்த இருசக்கர வண்டிக்காரரைக் காவிரிப் பாலத்தில் தூக்கிவிட்டவர் அப்பா.

ஓயாமாரி மயானத்துக்கு நானும் போனேன், அம்மாவும் வந்தாள். தடுக்க வந்த ஒரு பெரியவரை வாத்தியாரே ஓரமாக அழைத்துப்போய்ப் பேசிவிட்டார். அண்ணா கர்ப்பூரத்தைக் கொளுத்தி மார்பில் வைத்தான், தட்டு உள்ளே நகர்ந்தது. பகலுக்குள் அஸ்தி கைக்கு வந்துவிட்டது. மறுநாள் போய்ச் சாம்பலில் எலும்பு பொறுக்கும் வேலை இல்லை, கால் டன்னுக்கு மேல் விறகு இல்லை. அங்கே வேலை பார்த்தவர் கையுறை போட்டிருந்தார், ரசீது கொடுத்தார். அண்ணா அவரிடம் பெயர் கேட்டு, கையைப் பிடித்து நன்றி சொன்னான். அப்பா இருந்திருந்தால் இதற்காகவே மகிழ்ந்திருப்பார்.

பத்தாம் நாள் வந்தது. பாட்டிக்குச் செய்ததை அம்மாவுக்குச் செய்யப்போவதில்லை என்று நானும் மன்னியும் முன்பே முடிவு செய்திருந்தோம். அதை அம்மாவிடம் சொன்னபோது, "நானும் அதையேதான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்" என்றாள். அத்தை ஒருவர் பத்தாம் நாளுக்கு முன்தினம் வராமலே நின்றுவிட்டார். வரட்டும், வராமலிருக்கட்டும். சுபத்தன்று அம்மா தானே ஒரு துண்டு மல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாதென்றார்கள். மூலைவீட்டு மாமா போனபோது, ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஓடிய அந்த வீட்டுக்கு, இருபது பேர்கூடச் சேரவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னை எழுதச் சொன்னாள். வீட்டில் இறந்தால் சான்று தரக்கூடிய டாக்டரின் எண், ஆதார் நகல் இருக்கும் அலமாரி, 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்ற குறிப்பு, பூவுக்கு எதிரே "துளசி போதும், மீதிப் பணத்தை ஓயாமாரியில வேலை செய்யறவாளுக்குக் குடு" என்ற வரி. கடைசிப் பக்கத்தில், "அவன் வர்ற வரைக்கும் என்னைப் பெட்டியில போட்டு வைக்காதே, நீயே கொள்ளி வை" என்று எழுதச் சொல்லித் தன் கையெழுத்தையும் போட்டாள்.

அண்ணா இதற்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் கூப்பிடும்போது அம்மா அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறாள். அவன் பேச்சைப் பேரன் படிப்புக்கு மாற்றுகிறான். நான் மறுபடி அதற்கே கொண்டுவருகிறேன்.