எதிரே வருவோர் சொல்லும் தூரம்: ஹோர்ட்டன் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

மலைப்பாதையில் மூச்சு வாங்க நடக்கிறவர், எதிரே வருகிறவரைக் கண்டதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவு தூரம்?" அதற்கு வரும் விடையும் ஒன்றுதான்: "இந்தா, கிட்டத்தான்." முழம், காதம், கட்டை, கிலோமீற்றர் என்று தூரத்தின் அளவைகளையெல்லாம் அலசி முடித்த அறிஞர் பெருமக்கள், மலை தோறும் வழங்கும் இந்த ஓர் அளவையை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்

நுவரெலியா மாவட்டத்தின் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா களமாகக் கொள்ளப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கும் இப்புல்வெளி, 1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சுமக்கிறது. தேசியப் பூங்காவாக 1988இல் பிரகடனம் செய்யப்பட்டது. சின்ன உலக முடிவு, உலக முடிவு என்னும் இரு மலை விளிம்புகளையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் தொட்டுத் திரும்பும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் வட்டம். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதையின் நீளத்தை யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே பொய்யை அளக்க இதைவிடச் செம்மையான அளவுகோல் கிடைப்பது அரிது.

வாயிலில் சோதனை கடுமை. பையைத் திறந்து பிஸ்கட் சுற்றிய பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட நகத்தால் கீறி உரித்தெடுத்த பிறகுதான் போத்தல் உள்ளே போகும். பொலித்தீனை இவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கும் வாயிலில், தூரம் பற்றிய பொய்யைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

சான்றாளர் வகைப்பாடு

முதல் வகை, கருணையாளர். சேலை முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு, ரப்பர் செருப்புடன் நடந்துவரும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை எண்ணிக்கொள்ளுங்கள்.

"தம்பி, இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு?"

"அந்தத் திருப்பத்தைத் தாண்டினால் சரி அம்மா."

"முன்னுக்கு வந்த பிள்ளையும் அப்பிடித்தான் சொன்னது."

அம்மாவின் கூற்று ஆய்வுலகம் கவனிக்கத்தக்கது. இரு சான்றாளர்கள் இரு வேறு இடங்களில் ஒரே திருப்பத்தைக் காட்டியிருக்கிறார்கள். திருப்பம் நகர்ந்திருக்க வேண்டும், அல்லது தம்பி நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வகை, ஏமாந்தோர். போகும்போது தம்மிடம் சொல்லப்பட்டதையே வரும்போது அடுத்தவரிடம் சொல்வோர் இவர்கள். பல்கலைக்கழகங்களில் பகிடிவதை எந்த விதியால் ஆண்டாண்டாக உயிர்வாழ்கிறதோ, அதே விதிதான் இங்கும் செயற்படுகிறது.

மூன்றாம் வகை, கணக்காளர். கைத்தொலைபேசியைப் பார்த்து, தசமப் புள்ளியோடு தூரத்தைச் சொல்வார். எவரும் நன்றி சொல்வதில்லை. அடுத்து வருகிறவரிடம் மறுபடி கேட்டு, பிடித்த விடை வரும்வரை விசாரணை தொடரும்.

வட்டப்பாதைச் சிக்கல்

சாதாரண மலையில் இறங்குகிறவருக்குத் தூரம் தெரியும், ஏறுகிறவருக்குத் தெரியாது. இங்கே சிலர் உலக முடிவுக்கு முதலில் போவார்கள், சிலர் நீர்வீழ்ச்சிக்கு முதலில் போவார்கள். இரு சாராரும் நடுவழியில் சந்தித்து, ஒருவரையொருவர் கேட்டு, ஒருவருக்கொருவர் "கிட்டத்தான்" என்று சொல்லிப் பிரிவார்கள். இரண்டு விடைகளையும் கூட்டிப் பார்த்தால் 9 கிலோமீற்றர் வட்டம் ஒரு கோயில் வீதியளவுக்குச் சுருங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், வழமையான பாதையில் முதலில் வருவது சின்ன உலக முடிவு. வந்து சேர்ந்துவிட்டோம் என்று சோற்றுப் பார்சலைப் பிரித்த பிறகுதான், உலகம் இன்னும் முடியவில்லை என்ற செய்தி வந்து சேரும்.

மூடுபனி

உலக முடிவில் மலை சுமார் 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. தெளிந்த காலையில் அடிவாரத்துத் தேயிலைத் தோட்டம் தெரியும். தெற்கே தொடுவானில் கடல்கூடத் தெரிவதுண்டு. மேலே நிற்பவர் உலகம் முடிந்ததென்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கீழே தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டு முடிந்து கொழுந்துக் கூடையோடு ஆட்கள் மலையேறத் தொடங்கியிருப்பார்கள். அவர்களிடம் தூரம் கேட்டால் சரியான கணக்கு கிடைக்கும், கேட்கத்தான் ஆளில்லை.

ஒன்பது, பத்து மணியானால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அதன்பின் அங்கே எடுக்கும் படத்தைக் கடவுச்சீட்டுக்குக் கொடுக்கலாம். பின்னணி பழுதில்லாத வெள்ளை. ஆயினும் திரும்பி வருவோர் வாக்குமூலம் மாறுவதில்லை: "வியூ சூப்பர்!" இத்தனை தூரம் நடந்து வெள்ளையைப் பார்த்தேன் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

வரலாற்று முன்மாதிரி

சுமார் 20 மீற்றர் உயரமுள்ள நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்து வேட்டையாடியவர். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனார். 1863 பெப்ரவரியில், இன்றைய தென் சூடானிலுள்ள கொண்டோகோரோவில், அதே தேடலை முடித்துத் திரும்பிய ஸ்பீக், கிராண்ட் இருவரையும் சந்தித்தார். தாங்கள் போய்ப் பார்க்காத ஓர் ஏரி அந்தப் பக்கம் உண்டென்று அவர்கள் சொன்னார்கள். அந்த அல்பேர்ட் ஏரியைப் பேக்கர் அடைந்தது 1864 மார்ச்சில். எதிரே வந்தவர் பேச்சைக் கேட்டு ஏறத்தாழ ஓராண்டு நடந்த ஒருவரின் பெயர் இந்தப் பாதைக்கு இதைவிட எப்படிப் பொருந்தும்?

அவர் பெயரிலுள்ள நீர்வீழ்ச்சியோ நேர்மையானது. கிட்ட வந்தால்தான் இரையும்.

முடிவும் பரிந்துரையும்

எதிரே வருகிறவர் பாதையைப் பார்த்து விடை சொல்வதில்லை; கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். முகம் எவ்வளவு வாடியிருக்கிறதோ அவ்வளவுக்குத் தூரம் குறையும். இந்தப் பொய்யைத் தடைசெய்தால் பாதிப்பேர் சின்ன உலக முடிவோடு திரும்பிவிடுவார்கள் என்பதால், அது நீடிக்கலாம் என்றே பரிந்துரைக்கிறோம்.

போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு வாயிலில் நில்லுங்கள். முதலில் உலக முடிவுக்குப் போங்கள். மூடுபனி காத்திராது, நீர்வீழ்ச்சி காத்திருக்கும். வழியில் யாராவது தூரம் கேட்டால், இடுப்பில் குழந்தையோடு வருகிறவருக்குக் கிட்டத்தான் என்று சொல்லுங்கள். இளந்தாரியாக இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். அவன் எப்படியும் நம்பப்போவதில்லை.