கானு வெட்டும்போது பழம்பொருள் கிடைத்தால்

பழம்பொருள் கிடைத்த இடத்தில் முதலில் செய்ய வேண்டியது, தோண்டுவதை நிறுத்துவது. நடைமுறையில் இது கடைசியாகவே நடக்கிறது. மண்வெட்டி எதிலோ மோதி ‘ணங்’ என்றால், அது என்ன சத்தம் என்று அறிய அதே இடத்தில் இன்னும் ஓங்கி ஒரு வெட்டு விழும்.

கினிகத்தேனைப் பக்கம் தேயிலை வேரைத் தவிர வேறென்ன கிடைக்கப்போகிறது என்பது பொதுவான எண்ணம். அட்டன் வீதியில் கீழே இறங்கினால் வரும் கித்துல்கலவில், பெலிலென குகையில், 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் சின்னஞ்சிறு கற்கருவிகள் செய்திருக்கிறார்கள். காட்டு ஈரப்பலா தின்றிருக்கிறார்கள். அம்பகமுவையில் முதலாம் விஜயபாகு, சிவனொளிபாதமலை யாத்திரிகருக்குச் செய்த ஏற்பாடுகளைப் பாறையில் வெட்டிவைத்திருக்கிறார். ஆகவே கிடைக்கும்.

இரண்டாவது விதி: கழுவக்கூடாது. அண்மையில் இப்பகுதித் தோட்டமொன்றில் கானு வெட்டியவருக்கு ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை பச்சைக் களிம்புக்குள் மங்கலாகத் தெரிந்ததாம். காசு நேரே பீலிக்கரைக்குப் போனது. முதலில் தண்ணீர். பிறகு தேங்காய்த் தும்பும் சாம்பலும். அதிலும் போகாததால் புளி. குத்துவிளக்கையே பளிச்சென்று ஆக்கும் புளிக்குக் காசு எம்மாத்திரம்? பக்கத்துக் காம்பரா அத்தை எலுமிச்சங்காய் கொண்டுவந்தார். பெரியவர் ஒருவர் திருநீறே போதும் என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் பற்பசையும் பழைய பிரஷும் எடுத்துவந்தான். லயமே முறைவைத்துத் தேய்த்தது. சாயங்காலம் காசு தங்கமாய் மின்னியது, இரண்டு பக்கமும் வழுவழுவென்று.

“வருசம் போட்டிருந்திச்சே, எங்க?”

“அழுக்கோட போயிருச்சு மாமா.”

போனது அழுக்கல்ல. செம்பின் மேற்பரப்பே மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து அந்தப் பச்சைப் படலமாகிறது. எழுத்தும் ஆண்டும் பெரும்பாலும் அதற்குள்தான் தங்கியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்தால் எழுத்தும் கூடப் போகும். பானையோட்டுக்கும் இதுவே விதி. ஒட்டியிருக்கும் கரி, அது எந்தக் காலத்து அடுப்பு என்று சொல்லக்கூடியது. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பவரிடம் தொல்லியல் பேசிப் பயனில்லை.

கல்லாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கழுவிய கல்லுக்கு மஞ்சள், மஞ்சளுக்கு மேல் குங்குமம், குங்குமத்துக்கு எண்ணெய். வெள்ளிக்கிழமைக்குள் அது ரோதைமுனிக்குத் தம்பியாகிவிடும். பிறகு அதில் எழுத்து இருந்ததா என்று கேட்பவர் நாத்திகர். சாமியாகாத கல் துணி துவைக்கப் போகும். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த, சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியிலும் எழுதிய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 1911இல் காலியில் மதகு மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் அகப்பட்டது. அது கொழும்பு தேசிய அருங்காட்சியகம் வரை போய்ச் சேர்ந்ததற்கு, வழியில் பீலிக்கரை ஏதும் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, படம் எடுப்பது. பொருளை அசைக்காமல், அளவு தெரிய அருகில் ஒரு பேனாவை வைத்து, சுற்றியுள்ள மண்ணும் தெரிய எடுக்க வேண்டும். கண்டெடுத்தவரின் முகம் தேவையில்லை. இப்போது வரும் படங்களில் முகம் மட்டுமே இருக்கிறது.

நான்காவது, அறிவிப்பது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கிராம உத்தியோகத்தர், பொலிஸ், தொல்பொருள் திணைக்களம் ஆகிய மூன்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே சொல்லலாம். சாத்திரக்காரர் இந்தப் பட்டியலில் இல்லை. அவரிடம் போனால் பொருள் புதையலாகும்; புதையலுக்குச் சேவல் கேட்பார்; நடுச்சாமத்தில் சேவலோடும் அலவாங்கோடும் பிடிபடுபவர்களின் படம்தான் பத்திரிகையில் வரும்.

கடைசியாக, எது தொல்பொருள் என்பது. சட்டம் போட்ட கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்தியதே தொல்பொருள். கோப்பித் தோட்டங்கள் வந்தது 1820களில். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். ஆக, மலையகத் தமிழர் இந்த மலைக்கு வந்தபின் புழங்கிய எதுவும் இந்தக் கணக்கில் தொல்பொருள் ஆகாது: கங்காணியின் கைத்தடி, தோட்ட எண் பொறித்த தகரவில்லை, பெரட்டுக்கு அடித்த தப்பு. பழைய கட்டடத்தை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழியுண்டு. லயத்துக்கு அந்த யோகம் வாய்ப்பது எப்போது என்பது தெரியாது.

அப்படிப்பட்ட பொருள்களுக்குக் கம்பளைக்கு அருகே, பழைய லயமொன்றில் 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் தராசோடு மலையேறி வருவதற்கு முன் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.