ஜூலி பெரியவளாகிவிட்டாள்: வீட்டுக்காரர்களுக்குச் சில ஆலோசனைகள்

வீட்டு நாய் ஹீட்டுக்கு வந்த செய்தி வீட்டுக்காரருக்குத்தான் கடைசியாகத் தெரியும். தெருவுக்கு முன்பே தெரிந்துவிடும். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிறீர்கள். கேட்டுக்கு வெளியே ஐந்து ஆண் நாய்கள் சண்டை சச்சரவின்றி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு உங்கள் தெரு. இரண்டு ராஜகீழ்ப்பாக்கத்து முகம். ஐந்தாவது கழுத்தில் பெல்ட்டோடு வந்திருக்கிறது. மாடம்பாக்கத்தில் யாரோ அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருப்பார். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்க அரசாங்கத்துக்கு 2021 நவம்பர் வரை ஆயிற்று. ஜூலி அதை ஒரே ராத்திரியில் முடித்திருக்கிறாள்.

"பாவம், பசி போல" என்று நீங்கள் பிஸ்கட் போடப் போவீர்கள். வேண்டாம். உள்ளே போய் ஜூலியின் வாலைத் தூக்கிப் பாருங்கள். பிறப்புறுப்பு வீங்கியிருக்கும், தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இருக்கும். கிரானைட் தரை போட்டவர்களுக்கு இது தெரியவே நாலு நாள் ஆகும். வெள்ளை டைல்ஸ்காரர்கள் பாக்கியவான்கள்.

முதல் ஹீட் பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் வரும். பெரிய ஜாதி நாய்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதன்பின் ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை. தெருநாய்களுக்கு மழையை ஒட்டி ஒரு காலம் உண்டு, மார்கழியைச் சொல்லித் திட்டுகிற வழக்கமும் நமக்கு உண்டு. வீட்டு நாய் அந்தப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. உங்கள் மச்சினன் கல்யாணத்தன்று வரும். மாதவிடாய் நின்றுபோவது என்பதும் நாய்க்குக் கிடையாது. பத்து வயதுக் கிழவி ஆனாலும் வரும்.

இனி வீட்டு நிர்வாகம். பெண் பெரியவளானால் கேம்ப் ரோட்டில் மண்டபம் பிடித்து, பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்து, மைக் செட் கட்டி, ஊருக்கே சொல்லுகிற நாம், நாய் விஷயத்தில் மட்டும் திடீரென்று வெட்கப்படுகிறோம். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் "கேட் வாசலில் ஏன் இத்தனை நாய்?" என்று கேள்வி வந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறோம். இங்கேதான் ஃப்ளெக்ஸ் தேவை. "எங்க வீட்டு ஜூலி ஹீட்டுல இருக்கா, நாலு வாரம் கேட்டைச் சாத்திட்டுப் போங்க" என்று எழுதிப் போடுங்கள். கேட்டில் கூடும் நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ராத்திரி பைக்கில் வருகிற உணவு டெலிவரிப் பையனைத் துரத்தும். அவன் விழுந்து கை ஒடிந்தால் அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

பாட்டியிடமும் பேசவேண்டும். பாட்டியின் கட்டளை எதிர்பார்த்ததுதான்: "தீட்டு. மூணு நாள் கொல்லையில கட்டு." ஜூலியைக் கொல்லையில் கட்டுவது வெளியே இருக்கிற ஐந்து பேருக்கும் தாம்பூலம் வைத்து அழைப்பதற்குச் சமம். அவள் இருக்கவேண்டிய இடம் வீட்டின் நடுக்கூடம், கூடவே ஒரு பழைய லுங்கி. தவிர, மூன்று நாள் என்கிற பாட்டியின் கணக்கும் நாய்க்குப் பொருந்தாது. இது சுமார் மூன்று வாரத்துச் சமாசாரம்.

இந்தக் கணக்கில்தான் படித்தவர்களும் கவிழ்கிறார்கள், ஆகையால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் ஒன்பது பத்து நாள் ரத்தம் போகும். ஆண் நாய்கள் சுற்றிச் சுற்றி வரும், ஜூலி அவற்றைப் பார்த்து உறுமுவாள். நம்மவருக்கு மகா நிம்மதி: "எங்க பொண்ணு கிட்டயே சேர்க்க மாட்டா." பிறகு ரத்தம் வெளிறும், தண்ணீராகி வைக்கோல் நிறத்துக்கு வரும். "அப்பாடா, முடிஞ்சுது" என்று வீட்டைக் கழுவிவிட்டு ஜூலியை வாக்கிங் அழைத்துப் போகிறார்கள். உண்மையில் அன்றைக்குத்தான் ஆரம்பம். ரத்தம் குறைந்த அடுத்த ஒன்பது நாள் சுமாரில்தான் அவள் சினைபிடிப்பாள். உறுமியவள் இப்போது வாலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு நிற்பாள். இந்த ஒன்பதும் சராசரிதான். சில நாய்களுக்கு மூன்று நாளில் முடியும், சிலதுக்கு மூன்று வாரம் இழுக்கும். எனவே ரத்தம் கண்ட முதல் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து நான்கு வாரம் எண்ணி, அதுவரை கயிறில்லாமல் வாசற்படி தாண்டவிடாதீர்கள்.

"எங்களுக்குக் காம்பவுண்டு சுவர் இருக்கிறதே?" இருக்கிறது. கட்டும்போது ஐந்தடி இருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுகிற நம் புறநகர்ப் பண்பாட்டில், செம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் வருஷத்துக்கு வருஷம் ரோடு வளர்கிறது, சுவர் குட்டையாகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வருவதை மட்டும்தான் இதுவரை கவனித்திருப்பீர்கள். சுமாரான உடம்புள்ள ஆண் நாய் ரோட்டிலிருந்து உங்கள் சுவரை இப்போது படி ஏறுகிற சிரமம்கூட இல்லாமல் தாண்டும். கேட் கம்பி இடுக்கும் பாதுகாப்பில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றே காரியம் முடித்த ஜோடிகள் உண்டு. கீழ்ப்பாதிக்குத் தகரமோ பிளைவுட்டோ அடியுங்கள்.

தகரம் அடித்தும் கதவைத் திறப்பவர்கள் மனிதர்கள். கேன் தண்ணீர் போடுகிறவர் இரண்டு கையிலும் கேன் வைத்திருக்கிறார், காலால் திறந்த கேட்டை எப்படிச் சாத்துவார்? சிலிண்டர்காரர், கூரியர்காரர், அமெரிக்காவிலிருந்து வந்து எல்லாவற்றையும் திறந்து போடுகிற அண்ணன் என்று வரிசை நீளம். மொட்டை மாடியில் விட்டுவிடலாமா என்றால், பக்கத்து வீட்டு மாடிக்கும் உங்கள் மாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று முதலில் பாருங்கள். நம் லே-அவுட்களில் அது சட்டப்படி இருக்கவேண்டிய அளவில் இருப்பதில்லை.

டயாப்பர் பற்றிக் கேட்கிறீர்கள். கடையில் கிடைக்கிறது, குழந்தை டயாப்பரில் வாலுக்கு ஓட்டை வெட்டியும் மாட்டலாம். அது தரையைக் காக்கும், மானத்தைக் காக்காது. கிழிக்க ஆண் நாய்க்கு அரை நிமிஷம் போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள் முழுக்கப் போட்டு வைத்தால் தோல் வெந்துவிடும், அவ்வப்போது கழற்றிக் காற்றாட விடவேண்டும். வாசனை தெரியாமலிருக்க வாலில் விக்ஸ் தடவு, கற்பூரம் தேய் என்று ஒரு மாமா சொல்லுவார். ஜூலி அதை நக்குவாள். கற்பூரம் நாய் வயிற்றுக்கு விஷம். வெளியே இருக்கிறவர்களோ விக்ஸ் வாசனையையும் சேர்த்து ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் மீறி நடந்துவிட்டது, இரண்டும் லாக் ஆகி நிற்கின்றன என்றால், தெருவே கூடும். ஒருவர் வாளியில் தண்ணீர் எடுத்து வருவார், இன்னொருவர் துடைப்பம். இரண்டையும் பிடுங்கி வையுங்கள். ஆண் குறியின் அடிப்பகுதி உள்ளே வீங்கியிருப்பதால் இழுத்தால் இரண்டுக்குமே காயம். கால் மணியோ அரை மணியோ, சிலசமயம் அதற்கு மேலுமோ, தானாகத்தான் பிரியும். பயந்து ஓடாதபடி ஜூலியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லுங்கள். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கிற மாத்திரையை வாங்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். கருவைத் தடுக்க ஊசி உண்டு. ஹீட்டையே தள்ளிப்போடவும் ஊசி உண்டு. இரண்டிலும் கர்ப்பப்பைக்கு ஆபத்து இருக்கிறது, அதை எடைபோட வேண்டியவர் டாக்டர். விட்டுவிட்டால் சுமார் 63 நாளில் குட்டி. ஒரே ஈற்றில் பல தகப்பன்கள் இருக்க முடியும் என்பதால் கருப்பு ஒன்று, செவலை ஒன்று, பெல்ட் போட்டவர் ஜாடையில் ஒன்று என்று பிறக்கும். தெருவில் யாருக்கும் டிஎன்ஏ சோதனை தேவைப்படாது.

"ஒரு தடவை தாயாகட்டும், பாவம்" என்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஒருமுறை குட்டி போட்டால் நாய்க்கு ஆரோக்கியம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தாய்மைப் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் "லேப் குட்டி என்ன விலை போகுது தெரியுமா?" என்கிற கணக்கு இருக்கும். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி விற்பதற்காகக் குட்டி எடுப்பவர்கள் பதிவு செய்யவேண்டும். தாய்க்கு ஒன்றரை வயதாவது ஆகியிருக்கவேண்டும். ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூடைக்குள் கிடக்கிற குட்டிகளைப் பார்த்தவர்கள் இந்த விதியை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

ஹீட் முடிந்ததும் வழிகாட்டி முடிந்துவிடாது. இரண்டு மாதம் கழித்து, சினையே இல்லாமல், ஜூலி உங்கள் செருப்பைக் கட்டிக்கொண்டு படுப்பாள், பாலும் சுரக்கும். பொய்ச்சினை. பாலைப் பீய்ச்சாதீர்கள், தானாக வற்றும். வேடிக்கையில்லாதது வேறொன்று: அதே காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம். நிறையத் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, வாந்தி, நாற்றமடிக்கிற கசிவு இவை அறிகுறிகள். வெளியே எதுவும் கசியாமலும் உள்ளே கட்டும், அது இன்னும் மோசம். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாய் செத்துப்போகும்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு ஆபரேஷன் போதும் என்பதைத் தெருநாய்கள் நம்மைவிட முன்னால் கண்டுவிட்டன. 1959-ல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் கருத்தடையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்த பிறகு, 1996-ல் சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டு அதற்கு மாறியது. 2001-ல் நாட்டுக்கே விதி வந்தது. 2023-ன் புது விதிகள், வீட்டு நாயின் கருத்தடை அதன் சொந்தக்காரர் பொறுப்பு என்று எழுதியே வைத்திருக்கின்றன. உங்கள் தெருமுனையில், கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் வெட்டோடு படுத்திருக்கிற பெண் நாய்க்கு இந்த மூன்று வாரத் தொல்லை கிடையாது. ஏசி அறையில் தூங்குகிற ஜூலிக்கு இருக்கிறது.

ஹீட்டில் இருக்கும்போது கர்ப்பப்பையில் ரத்தம் பாய்ந்திருக்கும். அதனால் பொதுவாக டாக்டர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள். பெரிய ஜாதி நாயானால் எந்த வயதில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து கிளினிக்கிலும் செய்யலாம், 1903-ல் தொடங்கி வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் அழைத்துப் போகலாம். முதல் நாள் ராத்திரி டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் ஜூலிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. பாட்டியிடம் இதைத் தனியாகச் சொல்லிவிட்டு, பிஸ்கட் டப்பாவை உங்கள் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.